கூடைப்பந்து ஆடும் பிள்ளைக்குப் பெற்றோர் எப்படித் துணை நிற்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை, கோவை, மதுரை, திருச்சி என்று எந்த ஊரில் மாலை ஐந்து மணிக்குக் கூடைப்பந்து கோர்ட் பக்கம் போனாலும், கம்பி வேலிக்கு வெளியே பெற்றோர் நிற்பதைப் பார்க்கலாம். அவர்களில் பெரும்பாலோர் இந்த ஆட்டத்தை ஆடியவர்கள் அல்ல. கிரிக்கெட் என்றால் வீட்டில் எல்லாருக்கும் ஒரு கருத்து உண்டு. கூடைப்பந்திலோ பிள்ளைக்குத் தெரிந்தது அப்பா அம்மாவுக்குத் தெரியாது. அதனால் ஒரு தயக்கம். சில சமயம் அந்தத் தயக்கத்தை மறைக்க ஓர் அதட்டல். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

எந்த வயதில் சேர்க்கலாம்?

ஏழெட்டு வயதில் தொடங்கலாம். பன்னிரண்டில் தொடங்கினாலும் ஒன்றும் கெட்டுப்போகாது.

சின்னப் பிள்ளைகளுக்குக் கோர்ட்டில் இருக்கும் பெரிய சிக்கல் வளையத்தின் உயரம். பெரியவர்களுக்கு அது 3.05 மீட்டர், அதாவது பத்தடி. சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிபாவின் மினி பாஸ்கெட்பால் விதிகளில் 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 2.60 மீட்டர்தான். நம் ஊர்க் கோர்ட்டுகள் பலவற்றில் வளையத்தை இறக்கும் வசதி கிடையாது. எட்டு வயதுப் பிள்ளை பத்தடி உயரத்துக்குப் பந்தை அனுப்ப வேண்டுமென்றால் இடுப்பிலிருந்து இரண்டு கையாலும் வீசத்தான் செய்யும். அந்தப் பழக்கத்தை மாற்றப் பின்னால் வருடக்கணக்கில் பாடுபட வேண்டும். ஆகவே இந்த வயதில் பந்து கூடைக்குள் விழுகிறதா என்று எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே போகும் டிரிப்ளிங் இரண்டு கையாலும் வருகிறதா, தலையை நிமிர்த்தி ஓடுகிறதா, நின்ற இடத்தில் சட்டென்று திரும்புகிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று. சேர்த்த உடனே நீச்சலையும் கபடியையும் நிறுத்திவிட வேண்டாம். அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவும் அமெரிக்கக் கூடைப்பந்து அமைப்பும் சேர்ந்து 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 14 வயது வரை பிள்ளையை ஒரே விளையாட்டில் அடைக்க வேண்டாம் என்றே சொல்கிறது. வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு வேண்டும். விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் எளிய கணக்கு ஒன்று உண்டு: பிள்ளையின் வயது எவ்வளவோ, வாரத்துக்கு அத்தனை மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கூடாது. பத்து வயதுக்காரனுக்குப் பத்து மணி நேரம். பள்ளி அணி, கிளப் அணி, கோடை கேம்ப் மூன்றிலும் ஒரே நேரத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கை நீங்கள்தான் போட வேண்டும். மூன்று பயிற்சியாளர்களில் யாருக்கும் மற்ற இருவர் எவ்வளவு ஓட வைக்கிறார்கள் என்று தெரியாது.

கூடைப்பந்து ஆடினால் உயரமாக வளர்வானா?

மாட்டான். உயரத்தைப் பெரிதும் தீர்மானிப்பது பெற்றோரிடமிருந்து வரும் மரபு. அதற்கு அடுத்து சாப்பாடும் தூக்கமும் உடல்நலமும். உயரமான பிள்ளைகள் இந்த ஆட்டத்துக்கு வருகிறார்கள், உயரமானவர்கள் நிலைத்து நிற்கிறார்கள். அதைப் பார்த்து ஆட்டம்தான் வளர்த்தது என்று நினைத்துக்கொள்கிறோம். கம்பியில் தொங்குவதாலோ, உயரம் கூட்டும் என்று விற்கும் பொடியாலோ எலும்பு நீளாது. அந்தப் பணத்துக்கு முட்டை வாங்கிக் கொடுங்கள்.

குள்ளமாக இருக்கிறானே என்று சேர்க்கத் தயங்குபவர்களுக்கு மக்ஸி போக்ஸைச் சொல்ல வேண்டும். ஐந்தடி மூன்று அங்குலம். என்பிஏவில் 14 சீசன் ஆடினார். அவர் விதிவிலக்குதான், மறுக்கவில்லை. ஆனால் மாவட்ட அளவிலும் கல்லூரி அளவிலும் பந்தைக் கொண்டுபோகும் பாயிண்ட் கார்டு இடத்தில் நடுத்தர உயரப் பிள்ளைகள் ஏராளமாக ஆடுகிறார்கள். பன்னிரண்டு வயதில் அணியிலேயே உயரமாக இருக்கும் பிள்ளை சீக்கிரம் வளர்ந்து நின்றுவிடுவதும் உண்டு. அவனை ‘நீ சென்டர்’ என்று கூடைக்கு அடியிலேயே நிறுத்திவிட்டால், பதினாறு வயதில் மற்றவர்கள் அவனைத் தாண்டி வளர்ந்த பிறகு அவனுக்கு டிரிப்ளிங்கும் தெரியாது, தூரத்து ஷூட்டும் தெரியாது. எல்லா இடத்திலும் ஆடப் பழகட்டும்.

என்ன பந்து, என்ன ஷூ வாங்குவது?

பந்தில் அளவு முக்கியம். 12 வயது வரை 5-ஆம் எண். அதற்கு மேல் பெண் பிள்ளைகளுக்கு 6-ஆம் எண், அதுவே கடைசி வரை. ஆண் பிள்ளைகள் கைப்பிடியும் தோள்பலமும் வந்த பிறகு 7-ஆம் எண்ணுக்குப் போகலாம். ‘வளர்ந்தால் உதவுமே’ என்று முதலிலேயே 7 வாங்காதீர்கள். 5-ஆம் எண் அரைக் கிலோ, 7-ஆம் எண் ஏறத்தாழ 600 கிராம். சிமென்ட் தரையில் ஆடுவதற்கு ரப்பர் பந்து போதும்.

ஷூவில் மட்டும் கை இறுக்க வேண்டாம். ஓடுவதற்கான ஷூவின் அடி உயர்ந்து மெத்தென்று இருக்கும். பக்கவாட்டில் வெட்டித் திரும்பும்போது கணுக்கால் மடங்கும். கூடைப்பந்துக்கென்று செய்த ஷூவாக, விரல் நுனிக்கு முன் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருப்பதாகப் பாருங்கள். சிமென்ட் தரை அடியைச் சீக்கிரம் தேய்த்துவிடும். வெளியே எப்படி இருந்தாலும், அடி வழவழப்பாகிவிட்டால் மாற்ற வேண்டியதுதான். பிராண்டு பெயருக்காகப் பத்தாயிரம் கொடுக்கத் தேவையே இல்லை.

எனக்கு விதிகளே தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டுமா?

கொஞ்சம் தெரிந்தால் பிள்ளையோடு பேச்சு இனிக்கும். அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் 1891 டிசம்பரில் ஒய்எம்சிஏ ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இந்த ஆட்டத்தை உருவாக்கியபோது, குளிர்காலத்தில் அறைக்குள்ளேயே ஆட வேண்டும், தள்ளுமுள்ளு இருக்கக் கூடாது என்பதுதான் அவர் கவலை. பந்தைப் பிடித்துக்கொண்டு ஓட விட்டால் மற்றவர்கள் மேலே பாய்ந்து தள்ளுவார்கள். ஆகவே பந்தோடு ஓடத் தடை. கூடை தரையில் இருந்தால் அதைச் சுற்றி அடிதடி. ஆகவே தலைக்கு மேலே. இதைப் பிடித்துக்கொண்டால் பாதி விதி புரிந்துவிடும். பந்தைத் தட்டாமல் நடந்தால் டிராவல். தட்டி நிறுத்திப் பிடித்து மறுபடி தட்டினால் டபுள் டிரிப்ளிங். எதிராளியின் கூடை அருகே கோடு போட்ட பகுதியில் மூன்று விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது. ஒருவருக்கு ஐந்து ஃபவுல் ஆனால் வெளியேற வேண்டும். பத்து நிமிடம் வீதம் நான்கு கால்பகுதி. 6.75 மீட்டர் கோட்டுக்கு வெளியிலிருந்து போட்டால் மூன்று புள்ளி.

மீதியை உங்கள் பிள்ளையிடமே கேளுங்கள். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ தான் ஒன்று சொல்லித்தருவது அதற்கு எவ்வளவு பெருமை என்று பார்ப்பீர்கள்.

மேட்ச் நடக்கும்போது வெளியிலிருந்து சொல்லிக்கொடுக்கலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றுதான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

பந்து கையில் வந்த பிள்ளைக்கு முடிவெடுக்க ஒரு விநாடிகூட இருப்பதில்லை. தன்னை மறிப்பவன் எங்கே, காலியாக நிற்கும் தோழன் எங்கே, ஷூட் செய்ய அணிக்குத் தரப்படும் 24 விநாடியில் எவ்வளவு மிச்சம் எல்லாம் அந்த நொடிக்குள். அப்போது பெஞ்சிலிருந்து பயிற்சியாளர் ‘பாஸ்’ என்கிறார். வேலிக்கு வெளியிலிருந்து அப்பா ‘நீயே போடுடா’ என்று கத்துகிறார். பிள்ளை திரும்பி அப்பாவைப் பார்க்கிறது. பந்து போய்விடுகிறது. எந்தப் போட்டியிலும் இதைப் பார்க்கலாம். திட்டு வாங்குவது பிள்ளை.

கைதட்டுங்கள். அணியின் பெயரைச் சொல்லிக் கத்துங்கள். எதிரணிப் பிள்ளை அழகாக ஒரு பந்து போட்டால் அதற்கும் தட்டுங்கள்; உங்கள் பிள்ளை அதைக் கவனிக்கும். நடுவரைத் திட்டாதீர்கள். பள்ளி மேட்ச்சுகளில் விசில் ஊதுபவர் பல சமயம் கல்லூரி மாணவர், தானே கற்றுக்கொண்டிருப்பவர். தவறாக ஊதுவார்தான். ஐந்தாவது ஃபவுல் தவறாகக் கொடுக்கப்பட்டு வெளியே வரும் பிள்ளை அழுகையை அடக்கிக்கொண்டு நடுவரிடம் கைகொடுக்கப் பழக வேண்டிய இடம் அது. நீங்கள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று சண்டை பிடித்தால் அதைப் பழக முடியாது.

தோற்று வரும் நாளில் வண்டியில் என்ன பேசுவது?

பிள்ளை பேசினால் கேளுங்கள். பேசவில்லை என்றால் பசிக்கிறதா என்று கேளுங்கள், போதும். ‘அந்த ஃப்ரீ த்ரோவைப் போட்டிருந்தால்’ என்று தொடங்காதீர்கள். விட்டது அதற்குத் தெரியும், உங்களைவிட நன்றாகத் தெரியும். பைக்கில் பின்னால் உட்கார்ந்து ஹெல்மெட்டுக்குள் அழுதுகொண்டு வரும் பிள்ளைக்கு அப்போது பாடம் ஏறாது. தவறுகளைப் பேசப் பயிற்சியாளர் இருக்கிறார், மறுநாள் மாலை இருக்கிறது.

ஜெயித்த நாளிலும் ‘நீ எத்தனை பாயிண்ட்?’ என்பது முதல் கேள்வியாக இருக்க வேண்டாம். தினமும் அதையே கேட்டால் பிள்ளை பாஸ் கொடுக்கத் தயங்கும்.

என் மகனைப் பெஞ்சிலேயே உட்கார வைக்கிறார்கள். சாரிடம் பேசலாமா?

பேசலாம், ஆனால் யார் முதலில் பேசுவது, எப்போது பேசுவது என்று இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை என்றால் முதலில் அவனே கேட்கட்டும்: ‘சார், எனக்கு ஆட வாய்ப்பு கிடைக்க நான் எதைச் சரிசெய்யணும்?’ இந்தக் கேள்வியைக் கேட்கும் பிள்ளையை எந்த மாஸ்டருக்கும் பிடிக்கும். பதிலும் திட்டமாக வரும்: இடது கை லே-அப் (கூடை அருகே ஓடிப்போய்ப் போடுவது) வரவில்லை, டிஃபென்ஸில் திரும்பி ஓடுவதில்லை என்று. அந்த ஒன்றை எடுத்துக்கொண்டு ஒரு மாதம் பழகலாம்.

நீங்கள் பேசுவதானால் மேட்ச் அன்று வேண்டாம்; வேறொரு நாள், பயிற்சி முடிந்து, தனியாக. உங்கள் பிள்ளையைப் பற்றி மட்டும் பேசுங்கள். ‘அவனை ஆட விடுகிறீர்கள், இவனை ஏன் விடவில்லை’ என்று அடுத்த வீட்டுப் பிள்ளையை இழுத்தால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு நடக்கும் போட்டிகளில் எல்லாரையும் ஆட வைக்காத பயிற்சியாளர் செய்வது தவறு என்றே நினைக்கிறேன். அந்த வயதில் கோப்பை முக்கியமில்லை. மாவட்ட, மாநிலப் போட்டிகள் வேறு. அங்கே தகுதி பார்த்துத்தான் இறக்குவார்கள். அணியில் ஐந்து பேர்தான் களத்தில் நிற்க முடியும், பன்னிரண்டு பேர் பட்டியலில் இருப்பார்கள். இதை முன்கூட்டியே பிள்ளையிடம் சொல்லிவைப்பது நல்லது.

மகள் பெரியவளாகிவிட்டாள். தொடர்ந்து அனுப்பலாமா?

அனுப்புங்கள். தமிழ்நாட்டுக் கோர்ட்டுகளில் பெண் பிள்ளைகளின் எண்ணிக்கை சட்டென்று குறைவது இந்த வயதில்தான். ஆட்டம் பிடிக்காமல் போவதால் அல்ல. ‘வெயிலில் கறுத்துவிடுவாள்’, ‘ஷார்ட்ஸ் போட்டு ஆட வேண்டுமா’, ‘இருட்டிய பிறகு எப்படி வருவாள்’ என்று வீட்டில் பாட்டியோ சித்தப்பாவோ தொடங்கி வைப்பதால். இதில் மூன்றாவது மட்டும்தான் உண்மையான கேள்வி. அதற்கு வழி உண்டு: காலைப் பயிற்சி, ஒரே பகுதிப் பிள்ளைகளைப் பெற்றோர் முறை வைத்து அழைத்துவருவது. முதல் இரண்டுக்கும் அப்பா வாயைத் திறந்து ‘அவள் ஆடட்டும்’ என்று ஒருமுறை உறுதியாகச் சொன்னால் போதும்.

மாதவிடாய் நாளில் ஆடலாமா என்றால், வலி இல்லையெனில் தாராளமாக. வலி இருந்தால் ஓய்வெடுக்கட்டும். அதைப் பயிற்சியாளரிடம் கூச்சமின்றிச் சொல்ல வழி இருக்க வேண்டும். பையில் மாற்று நாப்கின், கருநிற ஷார்ட்ஸ், சரியான ஸ்போர்ட்ஸ் பிரா. கடைசியாகச் சொன்னதை வாங்கித்தராததால் ஓடக் கூச்சப்பட்டு ஆட்டத்தையே விட்ட பெண்கள் உண்டு. அம்மாக்கள் இதைக் கேட்காமலே கவனிக்க வேண்டும். ரத்தசோகை இருக்கிறதா என்று வருடம் ஒருமுறை ஹீமோகுளோபின் பார்ப்பதும் நல்லது. ‘சோம்பேறி’ என்று பெயர் வாங்கும் சில பெண்களுக்கு உண்மையில் இரும்புச்சத்துதான் குறைவு.

சென்னையின் அனிதா பால்துரை 2000 முதல் 2017 வரை இந்தியாவுக்கு ஆடினார். அணித் தலைவியாக இருந்தார். தாயான பிறகும் களத்துக்குத் திரும்பினார். 2021-இல் பத்மஸ்ரீ பெற்றார். பாட்டியிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

என்ன சாப்பாடு கொடுப்பது?

வீட்டுச் சாப்பாடு. மேட்ச்சுக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் இட்லி, இடியாப்பம், தயிர்சாதம் போல லேசானது. அரை மணி நேரம் முன்னால் பசித்தால் ஒரு வாழைப்பழம். முடிந்ததும் சுண்டல், வேர்க்கடலை, முட்டை, பால், எது வழக்கமோ அது. புரோட்டீன் பவுடர் வேண்டாம். எனர்ஜி டிரிங்க் பிள்ளைகளுக்குக் கூடவே கூடாது, அதில் இருப்பது காஃபீன். ஏப்ரல், மே கேம்ப்களில் தண்ணீரும் உப்புப் போட்ட மோரும் கூடவே இருக்கட்டும். காலை எட்டரை மணிக்கு மேல் திறந்தவெளியில் ஓட வைக்கும் கேம்ப்பில் சேர்க்காதீர்கள்.

தூக்கத்தை யாரும் கேட்பதே இல்லை. 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரம், 13 முதல் 18 வரை 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். காலை ஐந்தரைக்குப் பயிற்சி, இரவு பதினொன்று வரை டியூஷன் வீட்டுப்பாடம் என்றால் இரண்டில் ஒன்றை மாற்றியே ஆக வேண்டும்.

கால் பிசகிவிட்டால்?

உடனே ஆட்டத்தை நிறுத்தி, துணி சுற்றிய ஐஸ், அழுத்தக் கட்டு, காலை உயரத் தூக்கி வைப்பது. எண்ணெய் போட்டு உருவி விடாதீர்கள். முதல் இரண்டு நாளில் சுளுக்கு எடுப்பவரிடம் போனால் வீக்கம் கூடும். நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லை என்றாலோ எலும்பைத் தொட்டால் வலித்தாலோ எக்ஸ்ரே. வளரும் பிள்ளைகளுக்கு எலும்பின் முனையில் வளர்ச்சித் தட்டு இருக்கிறது. பெரியவர்களுக்குச் சுளுக்காக முடிவது அவர்களுக்கு அங்கே முறிவாக இருக்கலாம்.

பத்து முதல் பதினைந்து வயதுக்குள், முட்டிச் சிப்பிக்குக் கீழே புடைத்து வலித்தால் அது பெரும்பாலும் வளர்ச்சிக் கால வலி. குதிப்பதைக் குறைத்தால் அடங்கும். மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள். பெண் பிள்ளைகளுக்கு முட்டித் தசைநார் கிழியும் அபாயம் ஆண்களைவிட அதிகம். குதித்து இறங்கும்போது முட்டி உள்ளே சாயாமல் இறங்கப் பழக்கும் வார்ம்-அப்பைப் பயிற்சியாளர் செய்ய வைக்கிறாரா என்று கேளுங்கள். தலையில் அடிபட்டுத் தடுமாறினால், வாந்தி வந்தால், அன்று ஆட்டமே இல்லை. நேராக மருத்துவமனை.

பத்தாம் வகுப்பு வந்துவிட்டது. நிறுத்திவிடலாமா?

குறைக்கலாம், முழுக்க நிறுத்த வேண்டாம். வாரம் மூன்று மாலை, ஒன்றரை மணி நேரம். அந்த நேரத்தை எடுத்துவிட்டால் பிள்ளை அதைப் படிப்பில் போடும் என்று நினைக்கிறோம். போவது பெரும்பாலும் போனில். பொதுத்தேர்வுக்கு முந்தைய இரண்டு மாதம் போட்டிகள் வேண்டாம் என்று முன்பே பேசி வையுங்கள். மதிப்பெண் குறைந்தால் கோர்ட்டுக்கு அனுப்பமாட்டேன் என்று தண்டனையாக மட்டும் ஆக்காதீர்கள்.

இதனால் சீட்டோ வேலையோ கிடைக்குமா?

சிலருக்குக் கிடைக்கும். பள்ளிப் போட்டிகள் குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்று 14, 17, 19 வயதுப் பிரிவுகளில் ஏறிப்போகின்றன. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துக்கு விளையாட்டு விடுதிகள் உண்டு, முதலமைச்சர் கோப்பை நடத்துகிறது. கல்லூரிகளில் விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறது. தெற்கு ரயில்வே, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி போன்றவற்றில் அணிகள் இருக்கின்றன. ஆகவே ஒவ்வொரு சான்றிதழையும் வாங்கிய அன்றே சரிபாருங்கள்: பெயரும் பிறந்த தேதியும் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடி இருக்கிறதா, கையெழுத்தும் முத்திரையும் இருக்கிறதா என்று. நான்கு வருடம் கழித்துக் கலந்தாய்வு வரிசையில் நின்று இனிஷியல் தவறு என்று கண்டுபிடிப்பது கொடுமை.

ஆனால் சீட்டுக்காக ஆட விடாதீர்கள். கோர்ட்டில் நிற்கும் நாற்பது பிள்ளைகளில் மாநில அணிக்குப் போகிறவர் ஒருவரோ, யாரும் இல்லையோ. மற்றவர்களுக்கும் அந்த மாலைகள் வீண் அல்ல.

வயதைக் கொஞ்சம் குறைத்துக் காட்டினால் என்ன?

செய்யாதீர்கள். ‘எல்லாரும் செய்கிறார்கள்’ என்று சொல்லி வருபவர் பயிற்சியாளராகவே இருந்தாலும் மறுத்துவிடுங்கள். அது போலி ஆவணம். மணிக்கட்டு எக்ஸ்ரேயில் எலும்பு வயது பார்க்கும் சோதனையில் சிக்கினால் தடை வரும். சிக்காவிட்டால் இன்னும் மோசம். பதினாறு வயதில் பதினான்கு வயதுக்காரர்களைத் தள்ளி ஜெயித்தவன், சம வயதினரோடு மோத வேண்டிய நாளில் கையில் ஒன்றும் இல்லாமல் நிற்பான். நீங்கள் தள்ளிவிட்ட இடத்தில் ஆட வேண்டிய ஒரு பிள்ளையும் எங்கோ வீட்டில் உட்கார்ந்திருக்கும்.

பயிற்சியாளர் அடிக்கிறார், கண்டிப்பானவர் என்கிறார்கள். ஏற்கலாமா?

கண்டிப்பு வேறு, அடி வேறு. ஓட வைக்கலாம், வெளியே நிறுத்தலாம். கை ஓங்கவும், உடம்பையோ சாதியையோ சொல்லி இழிவாகப் பேசவும் யாருக்கும் உரிமை இல்லை. எத்தனை கோப்பை வாங்கித் தந்தவராக இருந்தாலும் சரி.

சேர்க்கும்போதே சிலவற்றைக் கேட்டு வையுங்கள். பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாமா? வெளியூர்ப் போட்டிக்குப் பெண் பிள்ளைகளோடு பெண் பொறுப்பாளர் வருகிறாரா? தங்குமிடம் எது? பயிற்சியாளர் பிள்ளைக்குத் தனியாக இரவில் செய்தி அனுப்புவது, தனி அறைக்கு அழைப்பது, ‘வீட்டில் சொல்லாதே’ என்பது இவற்றில் ஒன்று நடந்தாலும் அன்றே நிறுத்துங்கள். பிள்ளை எதையாவது சொன்னால் முதலில் நம்புங்கள். 1098 குழந்தைகள் உதவி எண். போக்சோ சட்டம் ஆண் பிள்ளைகளுக்கும் பொருந்தும்.

திடீரென்று போகமாட்டேன் என்கிறாள். கட்டாயப்படுத்தலாமா?

முதலில் ஏன் என்று கண்டுபிடியுங்கள், நேரம் எடுத்து. முட்டிவலியாக இருக்கலாம், தோழி வேறு பள்ளிக்குப் போயிருக்கலாம், அணியில் யாரோ கேலி செய்திருக்கலாம், மேலே சொன்னது போல ஏதேனும் நடந்திருக்கலாம். களைப்பு என்றால் இரண்டு வாரம் விட்டுப் பாருங்கள். நடப்பது போட்டி சீசன் என்றால், அணிக்கு வாக்குக் கொடுத்ததால் அந்தத் தொடர் முடியும்வரை போகச் சொல்லலாம். அச்சத்தால் மறுக்கிறாள் என்றால் அதையும் சொல்லாதீர்கள். அதற்குப் பிறகும் வேண்டாம் என்றால், பயிற்சியாளரிடம் அவளே போய்ச் சொல்லி நன்றி தெரிவித்து வரட்டும், நீங்கள் கூட நில்லுங்கள். கட்டிய கட்டணத்தை அவளிடம் நினைவூட்ட வேண்டாம்.